ரெட் அலர்ட் வந்தால் வீட்டிலேயே இருப்பதா, கிளம்பிவிடுவதா?

ஐப்பசி பிறந்து வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான். இருக்கலாமா, கிளம்பிடலாமா? பெங்களூரில் இருக்கும் மகன் "இன்னைக்கே பஸ் ஏறுங்க" என்பார். மாடி வீட்டுக்காரர் "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் ஆகல" என்பார். வாசகர்கள் கேட்பதும் இதையேதான். எந்த ஆப்பை நம்புவது என்று ஆரம்பித்து, கடைசியில் "அப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்பதில் வந்து நிற்பார்கள்.

வழிகள் ஐந்து. வீட்டிலேயே இருப்பது, அதே கட்டடத்தில் மாடிக்கு ஏறுவது, ஊருக்குள் மேடான இடத்தில் உறவினர் வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ போவது, நிவாரண முகாம், ஊரைவிட்டே கிளம்புவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குள் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு பெரும்பாலும் சிவப்பு எச்சரிக்கை வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

## சிவப்பு சொல்வதும் சொல்லாததும்

வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களில் மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். மழைக்கணக்கில் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை கனமழை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யக்கூடும்" என்று அறிக்கையில் வரும் வரியை நாம் மாவட்டம் முழுவதற்கும் என்று படித்துவிடுகிறோம். எச்சரிக்கை மாவட்டக் கணக்கில் வருகிறது. தண்ணீர் தெருக்கணக்கில் வருகிறது.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தது நினைவிருக்கும். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன, கடைகளில் பால் தீர்ந்தது, 16-ஆம் தேதி பெரிதாக மழையே இல்லை. மீம்ஸ் பறந்தன. ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் புயல் வந்தது. புயலாக மாறாமல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றுதான் ஒரு கட்டத்தில் சொல்லப்பட்டது. நவம்பர் 29 அன்று அது புயலானது. மறுநாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஒன்று சொன்ன அளவுக்கு வரவில்லை, இன்னொன்று சொன்னதைத் தாண்டிப் போனது. இதை வைத்து ஆய்வு மையத்தைத் திட்டுவதில் பயன் இல்லை. கடலில் ஒரு சுழல் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும். "போன தடவை ஒண்ணும் ஆகல" என்பது மட்டும் இந்தத் தடவைக்கு எந்தத் தகவலும் தராது.

நிறத்தில் தெரியாத இன்னொன்று, மழைக்கு முன்பு நிலம் இருந்த நிலைமை. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் பெய்து ஏரிகள் ததும்பிக்கொண்டிருந்தன. அதன்மேல்தான் டிசம்பர் 1 மழை விழுந்தது. தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அக்டோபர் முதல் வாரத்து சிவப்பைவிட, ஏரிகள் நிரம்பிய பிறகு வரும் டிசம்பர் மாத ஆரஞ்சுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

## முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

வருவது தண்ணீரா, காற்றா? இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர். வெள்ளத்துக்கு மேலே ஏற வேண்டும். பலத்த காற்றுக்குக் கீழ்த்தளத்தில், கண்ணாடி ஜன்னல் இல்லாத உள் அறையில் இருப்பதே நல்லது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை மேல் கடந்தபோது பிரச்சினை காற்றும் மரங்களும்தான். புயலின் கண் ஊருக்கு மேலே வந்தபோது காற்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று சிலர் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அடித்தது. ஓலை, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை வீடுகளுக்கு, கடலோரக் குப்பங்களுக்கு, புயல் என்றால் தேர்வே கிடையாது. கிளம்ப வேண்டியதுதான்.

உங்கள் தெருத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அநேகம் பேர் கேட்காத கேள்வி இது. ஆனால் பாதி முடிவு இதில்தான் இருக்கிறது.

முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் ஆகியவை அடையாற்றின் மேல்பகுதி. அங்கே வருவது ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி அதற்குக் கீழே, திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் வந்து சேர்கிறது. ஆனாலும் மழை வலுத்தால் முடிச்சூரில் டிவியைப் போட்டு செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழுக் கொள்ளளவான 24 அடிக்கு இன்னும் இரண்டடி இருக்கிறது என்று நிம்மதியாகப் படுக்கிறார்கள். அந்த எண் அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆட்களுக்கானது. முடிச்சூர்க்காரர் பார்க்க வேண்டியது ஆதனூர் ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலை. வடக்கே மணலி புதுநகர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பூண்டி ஏரியிலிருந்து கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆற்றோரத் தண்ணீர் வேகமாக ஏறும், வேகமாக வடியும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றின் கரையில் தரைத்தளங்களை ராத்திரியோடு ராத்திரியாக மூழ்கடித்தது. உயிருக்கு ஆபத்தான வெள்ளம் இதுதான். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வேறு வகை. அந்தத் தண்ணீர் சதுப்பு நிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது அது நகராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரமாக ஊர்ந்து போனபோது பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இங்கே ஆபத்தைவிடப் பெரிய தொல்லை கால அளவுதான். கரன்ட் இல்லை, கழிவுநீர் கலந்த தண்ணீர், வெளியே போக வழி இல்லை.

ஆற்றோரம் இருப்பவர் கேட்க வேண்டியது "எப்போது கிளம்புவது?" சதுப்போரம் இருப்பவர் கேட்க வேண்டியது "எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது?"

உங்கள் தெரு எந்த வகை என்று தெரியாவிட்டால் மூலைக்கடை அண்ணாச்சியைக் கேளுங்கள். 2015-லும் 2023-லும் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார். அப்படியே தெருவில் இருக்கும் ஈ.பி. பில்லர் பாக்ஸையும் (வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் அதன் அடியை நெருங்கினாலே விபத்துக்கு அஞ்சிக் கரன்ட்டை நிறுத்திவிடுவார்கள். உங்கள் வாசற்படியைவிட அந்தப் பெட்டி தாழ்வாக இருந்தால், வீடு நனைவதற்கு முன்பே இருட்டாகிவிடும்.

கரன்ட் இல்லாமல் எத்தனை நாள், வீட்டில் யார் யார்? ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவத்துக்கு நாள் குறித்தவர், படியேற முடியாதவர், கைக்குழந்தை. இவர்களில் ஒருவர் இருந்தாலும் உங்கள் பட்டியலில் முதல் வழி தானாக அடிபட்டுப் போகிறது. நாய், பூனை இருந்தால் நான்காவது வழி ஏறக்குறைய அடிபடும்.

செலவு, பூட்டிய வீட்டின் பாதுகாப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

## வீட்டிலேயே இருப்பது

முதல் மாடிக்கு மேலே, கான்கிரீட் கூரை, ஆற்றங்கரை இல்லை, மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்பவர் யாரும் இல்லை. இப்படியென்றால் இருங்கள். நகரத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான முடிவு. மழையில் சாலையில் இறங்குவதுதான் வீட்டில் இருப்பதைவிட ஆபத்து. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவரையும் தடுமாற வைக்கும். ஓரடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளமும், மூடி இல்லாத மேன்ஹோலும், அறுந்து கிடக்கும் கம்பியும்.

மறைமுகச் செலவு என்னவென்றால், "நமக்கென்ன, மூணாவது மாடி" என்று நினைப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். வீடு நனையாது. ஆனால் லிஃப்ட் ஓடாது, மோட்டார் ஓடாது. மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் தண்ணீர் முழு அபார்ட்மென்ட்டுக்கும் அதிகம் போனால் ஒன்றரை நாள். அப்புறம் கழிவறைக்கே தண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் அடித்தளத்தில் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான். மொபைல் டவரின் பேட்டரியும் டீசலும் தீர்ந்தபின் போனும் போய்விடும். போன் போனால் ஜிபே போகும். ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் சில்லறையாகக் கையில் இருப்பது நல்லது.

ஆரஞ்சு வந்த அன்றே தொட்டியை நிரப்புங்கள். கழிவறைக்கென்று தனியாக டிரம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர். நான்கு பேர் நான்கு நாள் என்றால் 20 லிட்டர் கேன் மூன்று. சம்ப் மூடியை பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் போட்டு அடைத்துவிடுங்கள். தெருத்தண்ணீர் மூடிக்கு மேலே போயிருந்தால், கரன்ட் வந்ததும் அவசரப்பட்டு மோட்டார் போட்டுவிடாதீர்கள். சம்ப்பில் கலந்த சாக்கடை மேலே தொட்டிக்கும் ஏறிவிடும். இரண்டையும் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டபின்தான் மோட்டார்.

சர்க்கரை நோயாளி இருந்தால், ஏற்கனவே திறந்து போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும். மருந்துடன் வரும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத பாட்டில்களை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மண்பானைக்குள் வைக்கலாம்.

கெடு: இங்கேயே இருப்பதற்குக் கெடு இல்லை என்று தோன்றும். ஆனால் தண்ணீர் பிடிப்பதற்கும் மருந்து வாங்குவதற்கும் உண்டு. ஆரஞ்சு நாளின் மாலை.

## மாடிக்கு ஏறுவது

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு, மேலே நல்ல மனுஷர்கள் இருந்தால், செலவே இல்லாத வழி. கெடுவும் இதற்குத்தான் கடைசியில் வருகிறது. அதனாலேயே எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். தண்ணீர் வாசலில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று.

அது வாசல் வழியாக வராது. முதலில் பாத்ரூமில் வரும். தரையில் இருக்கும் ஜல்லடை மூடிக்கு அடியில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும், இரண்டு மூன்று குமிழி விடும், பிறகு கறுப்பாக ஒரு கோடு தரையில் ஊர்ந்து வரும். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பி உள்ளே திரும்புகிறது என்று அர்த்தம். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. கனமான பிளாஸ்டிக் பையில் மணலோ தண்ணீரோ நிரப்பி அந்த ஓட்டைகளின் மேலும் கழிவறைக் கோப்பைக்குள்ளும் வைத்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரம் மெத்தையைத் தூக்க, ஃபிரிட்ஜை மேசைமேல் ஏற்ற, மெயின் சுவிட்சை அணைக்க, சிலிண்டரை மூடிவிட்டு மேலே போக. தரை ஈரமான பிறகு மெயினைத் தொடவே கூடாது.

மறைமுகச் செலவு பணமாக வராது. ஒரு கழிவறையை இரண்டு குடும்பம் மூன்று நாள் பங்கு போட வேண்டும். அவர்களுடைய தொட்டித் தண்ணீரும் பாதியாகும். எனவே உங்கள் தண்ணீர் கேன், அரிசி, மருந்து, மெழுகுவத்தி எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். மரியாதையாகவும் இருக்கும். பத்திரம், ஆதார், சர்டிபிகேட், இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவை மழைக்காலம் முழுக்க மாடியிலேயே இருக்கட்டும்.

இது சரிவராத இடங்கள் இரண்டு. ஒன்று, ஆற்றங்கரையில் வெறும் ஒரு மாடி மட்டும் உள்ள வீடு. இன்னொன்று, மேல்மாடியில் ஷீட் போட்ட அறை, வருவதோ புயல். படியேற முடியாத பெரியவரை வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு, இருட்டில், வழுக்கும் படியில் நாற்காலியோடு தூக்குவது நடக்கிற காரியம் இல்லை.

## ஊருக்குள்ளேயே மேடான இடம்

நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அதுவும் அவர்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். டயாலிசிஸ் செய்பவர் ஊரைவிட்டுப் போனால் புது ஊரில் இடம் தேட வேண்டும். வீட்டில் இருந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டும். மெஷின் இருக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தங்குவது இரண்டுக்கும் நடுவான வழி.

உறவினர் வீடா, ஹோட்டலா? பெரியவர்கள் இருந்தால் உறவினர் வீடு. ஹோட்டல் என்றால் அறை வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். மழைச் சமயத்தில் வாடகை ஏறும். இரண்டு ராத்திரி என்று போனது ஐந்தாக நீளும், சாப்பாடு தனி. பதிவு செய்யும் முன் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? 2023-ல் ஹோட்டல் வாசலில் தண்ணீர் நின்றதா? ரிசப்ஷனில் இருப்பவர் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

போகும் பாதையில் சுரங்கப்பாதை இருக்கக் கூடாது. சென்னையில் மழை வலுத்தால் முதலில் மூடப்படுவது அவைதான். அந்த வழியை நம்பியிருந்தால் இருபது நிமிடப் பயணம் மூன்று மணி நேரமாகும், பாதி வழியில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

கெடு: ஆரஞ்சு வந்த நாளின் பிற்பகல். மறுநாள் காலை பார்க்கலாம் என்றால் இந்த வழி இல்லை.

## நிவாரண முகாம்

நடுத்தர வர்க்கம் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது. "அதெல்லாம் இல்லாதவங்களுக்கு" என்பார்கள். மாநகராட்சிப் பள்ளியும் சமுதாயக் கூடமும் எல்லோருக்கும் பொதுவானவை. கூரை உறுதியில்லாத வீடு, ஆற்றங்கரை, கடலோரம், ஊருக்குள் உறவு இல்லாத வாடகைக் குடித்தனம் என்றால் இதுதான் சிறந்த வழி. செலவில்லை. சாப்பாடு கிடைக்கும். மருத்துவக் குழுக்கள் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடக்கும் முன் டெல்டாவில் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்றியிருந்தார்கள். தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்த அந்த இரவில் அத்தனை பேரும் ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கழிவறை போதாது. தூக்கம் வராது. வயசுப் பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மறைவான இடம் கிடைப்பது கஷ்டம். கொசு கடிக்கும். செல்லப் பிராணிகளை அழைத்துப் போனால் வாசலில் வாக்குவாதம்தான். ஒரு பெட்ஷீட், கொசுவத்தி, மூன்று நாள் மருந்து, மாற்றுத் துணி, பவர் பேங்க் எடுத்துக்கொண்டு போனால் பாதிக் குறை தீரும். உங்கள் வார்டுக்கு எந்தப் பள்ளி முகாம் என்று சென்னையில் 1913-க்கும், மற்ற மாவட்டங்களில் 1077-க்கும் முன்கூட்டியே அழைத்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை நடுவில் அந்த லைன் கிடைப்பது அதிர்ஷ்டம்.

## ஊரைவிட்டே கிளம்புவது

வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த வழி. சீக்கிரம் கிளம்பினால் இதைவிட நிம்மதியான வழி இல்லை. தாமதமாகக் கிளம்பினால் இதைவிட மோசமான வழியும் இல்லை.

ரயிலில் போகலாம் என்றால், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி இடையே உள்ள பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலிலிருந்து ரயில்கள் நிற்கும். விமானம் என்றால், 2015-லும் 2023-லும் ஓடுபாதையிலேயே வெள்ளம். தெற்கே போனால் தப்பிக்கலாம் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. ஃபெஞ்சல் சமயத்தில் சென்னை ஓரளவு தப்பியது. 2024 டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி தென் மாவட்ட ரயில்கள் ரத்தாயின. விழுப்புரம் பக்கத்தில் திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. அன்று அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரம் முழுக்கத் தத்தளித்தது. வீட்டில் இருந்திருந்தால் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பவர்கள் நெடுஞ்சாலையில் நின்றார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகளில் பலரை 19-ஆம் தேதிதான் மீட்க முடிந்தது. அந்த 24 மணி நேரத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ.

எனவே போவதாக இருந்தால் ஆரஞ்சு வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். புயல் சின்னம் உருவாகி, நம் கரையை நோக்கி என்று முதல் அறிவிப்பு வந்ததும், மழை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதே கிளம்புங்கள். மேற்கே போவது பொதுவாக நல்லது. வேலூர் வழி பெங்களூர், அல்லது கோவை. புயல் கரையேறும் திசையில் கடலோரமாகப் போவது தப்பு. ஆட்டோ, பஸ், டிக்கெட், விடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதுதான் அதிகச் செலவு வைக்கும் வழி. எச்சரிக்கை பொய்த்தால் அந்தச் செலவு வீண் என்று தோன்றும். வருஷத்துக்கு ஒரு தடவை வீணாகட்டும் என்று ஒதுக்கி வைக்க முடிகிறவர்களுக்கே இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| வழி | கெடு | கையிலிருந்து போவது | யாருக்குப் பொருந்தும் | யாருக்கு வேண்டாம் |
|---|---|---|---|---|
| வீட்டிலேயே | ஆரஞ்சு நாள் மாலைக்குள் தண்ணீர், மருந்து | லிஃப்ட், மோட்டார், போன் இல்லாத நாட்கள் | மாடி வீடு, கான்கிரீட் கூரை | கரன்ட்டை நம்பிய நோயாளி, ஷீட் கூரை |
| மாடிக்கு ஏறுவது | இருட்டும் முன் | கழிவறை நெருக்கடி, கீழே போன பொருள் | சதுப்போரத் தரைத்தளம் | ஆற்றங்கரை ஒற்றை மாடி |
| மேட்டு வீடு, ஹோட்டல் | ஆரஞ்சு நாள் பிற்பகல் | நீளும் வாடகை | நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை | சுரங்கப்பாதை தாண்டித்தான் போக முடியும் என்பவர் |
| முகாம் | அதிகாரிகள் சொன்ன நேரம் | தூக்கம், மறைவு | குடிசை, கடலோரம், ஆற்றோரம் | செல்லப் பிராணி உள்ளவர் |
| ஊரைவிட்டு | மழைக்கு இரண்டு நாள் முன் | டிக்கெட், விடுப்பு | வேலை, பள்ளி தடையில்லாதவர் | மழை தொடங்கிய பின் யோசிப்பவர் |

## காரை என்ன செய்வது?

இதையும் கேட்கிறார்கள், பல நேரம் முதலில் இதையேதான். மேம்பாலத்தில் விடுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் போக வழி விட்டால். அடித்தளப் பார்க்கிங்கில் விடுவதைவிட மேடான தெருவில் விடுவது மேல். முக்கியமானது இதுதான்: வண்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். வெள்ளத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு முழுக் காப்பீடு பணம் தரும். தண்ணீர் போன இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். போட்டோ எடுத்துவிட்டு, கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

## "நான் வர மாட்டேன்"

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் ஒரு வீட்டில் காரியம் நிற்பது இந்த வாக்கியத்தில்தான். எழுபது வயதுக்கு மேல் ஒருவர், "இந்த வீட்டைக் கட்டின நாள்ல இருந்து எத்தனை மழை பார்த்திருக்கேன், பூட்டிட்டுப் போக முடியாது" என்பார். அவரிடம் செ.மீ. கணக்கு எடுபடாது. ரெட் அலர்ட் என்றால் சிரிப்பார்.

வெள்ளம் என்ற பேச்சையே எடுக்காமல், ஆரஞ்சு நாளில் மதியச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பேரன் பேசினால் இன்னும் நல்லது. சாமி படமும் நகைப்பெட்டியும் பத்திரப் பையும் அவர் கையிலேயே இருக்கட்டும். வீட்டுச் சாவியும் அவரிடமே. மாடி வீட்டுக்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன் போட்டு "வீடு நல்லா இருக்கு மாமா" என்று சொல்வதாக ஏற்பாடு செய்துவிட்டால், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியும் மறுத்தால் அவரோடு ஒருவர் இருந்துவிட்டு மற்றவர்கள் போங்கள். அந்த ஒருவர் இளைஞராக, நீச்சல் தெரிந்தவராக, 112, 108 எண்களைத் தாளில் எழுதி வைத்திருப்பவராக இருக்கட்டும். மாத்திரைகளை மட்டும் அன்று மாலையே மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.